அழிந்த முகவரிகளை மீட்கும் முறை

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் சொத்து எது என்று கேட்டால், பங்கு மூலதனம், சேமநிதி, கட்டிடம், இருப்பிலுள்ள நூலும் சரக்கும் என்று நாம் வரிசையாகச் சொல்லிவிடுவோம். ஆண்டறிக்கையோடு அச்சாகும் ஐந்தொகையிலும் இவையே காணப்படும். ஆயினும் ஐந்தொகையில் ஏறாத சொத்து ஒன்றும் உண்டு. நம் சரக்கை வாங்குவோர் யார், நூலும் விதையும் உரமும் தருவோர் யார், லாரி அனுப்புவோர் யார், அவர்களுக்கு எழுதவேண்டிய முகவரி என்ன என்ற விவரமே அது. முற்காலத்தில் இவ்விவரம் ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தில் எழுதப்பட்டுக் காரியதரிசியின் மேஜையில் இருந்தது. இன்று மின்னஞ்சலில் கடிதப் போக்குவரத்து நடத்தும் சங்கங்களில் அது மின்னஞ்சல் கணக்கோடு இணைந்த முகவரிப் புத்தகத்தில் இருக்கிறது.

நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாள் கிழிந்தால் ஒரு தாளே போகும். மின் முகவரிப் புத்தகத்திலோ, எல்லாப் பெயர்களையும் தேர்ந்தெடுத்துவிட்டு ஒரு விரல் தவறி வேறு கட்டளையில் விழுந்தால், பல ஆண்டுகளாகச் சேர்த்த நானூறு முகவரிகளும் ஒரு கணத்தில் மறைந்துவிடும். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கையில் ஒரு நெசவாளர் சங்கத்தில் இவ்வாறு நேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். சேலைகள் தறியிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றை வாங்குவோருக்கு எழுத முகவரி இல்லை. அங்கத்தினர்களுக்குக் கூலி கொடுக்கவேண்டிய நாளோ நெருங்குகிறது. இந்நிலையில் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பதே இப்பாடத்தின் பொருள்.

அழித்தல் என்பது என்ன?

முகவரிகள் நம் மேஜைமீதுள்ள கணினியிலோ கைப்பேசியிலோ இருப்பதாக நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் அங்கிருப்பது நகலே. மூலம், 'சர்வர்' எனப்படும் சேவையகக் கணினியில் இருக்கிறது. கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் முதலிய நிறுவனங்களின் கணக்கை உபயோகித்தால் சேவையகம் அவர்களுடையது. சங்கம் தன் சொந்தப் பெயரில் இணைய முகவரி வாங்கி, ஒரு சேவை நிறுவனத்தின் மூலம் அஞ்சல் நடத்தினால் சேவையகம் அந்நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும்.

சேவையகத்தில் ஒரு முகவரியை அழிக்கும்போது அது உடனே அடியோடு ஒழிந்துவிடுவதில்லை. முதலில், "இது நீக்கப்பட்டது" என்ற அடையாளம் மட்டும் இடப்படும். பட்டியலில் தோன்றாது, ஆனால் இருக்கும். ரவுண்ட்கியூப் என்ற அஞ்சல் மென்பொருளில், முகவரிகளை வைத்திருக்கும் தரவுத்தளத்தில் இதற்கென்றே ஓர் அடையாளக் கட்டம் உண்டு. குறித்த நாட்கள் சென்றபின் அடையாளமிட்டவை நிரந்தரமாகத் துடைக்கப்படும். அதன்பின்னும் ஒரு வழி உண்டு. சேவையகத்தை நடத்துவோர் அன்றாடம் எடுத்து வைக்கும் காப்புப் பிரதிகளில் பழைய பட்டியல் இருக்கக்கூடும். அந்தக் காப்புப் பிரதியும் ஒருநாள் அழித்து எழுதப்பட்டுவிடும்.

ஆகவே மீட்பதற்கு வாயில்கள் பல உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாளில் மூடிக்கொள்ளும். அழிந்தது என்று கண்டவுடனே நம்பிக்கை இழந்து கைவிடுவதும் தவறு. நாட்கள் இருக்கின்றன என்று காலங்கடத்துவதும் தவறு.

முதற் காரியம்: மேற்கொண்டு எதையும் மாற்றாதிருத்தல்

2009-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு சம்பவம் இதற்கு நல்ல உதாரணம். அந்நாட்டில் 'சைட்கிக்' என்ற கைப்பேசியை டி-மொபைல் நிறுவனம் விற்றுவந்தது. அதன் சேவையகங்களை நடத்தியது டேஞ்சர் என்னும் நிறுவனம். 2008-இல் மைக்ரோசாஃப்ட் அதனை விலைக்கு வாங்கியிருந்தது. இக்கைப்பேசியில் முகவரிகள், நாட்குறிப்பு, படங்கள் யாவும் சேவையகத்திலேயே நிலையாக வைக்கப்பட்டன. 2009 அக்டோபரில் சேவையகம் பழுதுபட்டது. மூலத் தரவுத்தளமும் அதன் காப்பும் ஒருங்கே சேதமுற்றன. அக்டோபர் 10-ஆம் தேதி, விவரங்கள் பெரும்பாலும் ஒழிந்தே போயிருக்கக்கூடும் என்று சந்தாதாரர்களுக்கு அறிவிக்கப்பட்டது.

அப்பொழுது அவர்களுக்குக் கூறப்பட்ட எச்சரிக்கை கவனிக்கத்தக்கது. கைப்பேசியின் மின்கலத்தைக் கழற்றவேண்டாம், மின்சக்தி முழுதும் தீர விடவேண்டாம், கருவியைத் தொடக்க நிலைக்குத் திருப்பவேண்டாம் என்பதே அது. ஏனெனில் கருவியின் தற்காலிக நினைவில் அப்போதைக்கு இருந்த முகவரிகளே பலருக்கு எஞ்சிய ஒரே நகல். கருவி மறுபடி தொடங்கினால் அது சேவையகத்தை நாடும். சேவையகமோ வெறுமையாக இருந்தது. 'பழுது பார்க்கிறேன்' என்று அவசரப்பட்டு மின்கலத்தைக் கழற்றியவர்கள் தங்கள் கையிலிருந்ததையும் இழந்தனர். பின்னர், அக்டோபர் 15-ஆம் தேதி, பெரும்பான்மையான விவரங்கள் மீட்கப்பட்டுவிட்டதாக மைக்ரோசாஃப்ட் தெரிவித்தது. திருப்பித் தரும் வேலையில் முகவரிகளுக்கே முதலிடம் தரப்பட்டது. மக்களுக்கு எது முதலில் வேண்டியிருந்தது என்பதை இது காட்டுகிறது.

நாம் கற்கவேண்டியது இது. முகவரிகள் மறைந்தன என்று கண்டதும் கணக்கை நீக்கி மறுபடி சேர்ப்பது, கைப்பேசியைத் தொடக்க நிலைக்குத் திருப்புவது, மென்பொருளை மாற்றுவது ஆகிய எதையும் செய்யலாகாது. சங்கத்தில் அதே கணக்கு இணைந்துள்ள வேறு கைப்பேசியோ கணினியோ இருந்தால், அதன் இணையத் தொடர்பை உடனே துண்டிக்கவேண்டும். கைப்பேசியை 'விமான நிலை'யில் வைத்தால் போதும். அழித்த செய்தி அக்கருவிக்கு இன்னும் போய்ச் சேராதிருந்தால், முழுப் பட்டியலும் அதில் அப்படியே இருக்கும். அதிலிருந்தே ஒரு பிரதி எடுத்துவிடலாம். பிறகு ஒரு தாளில் மூன்று விவரங்களைக் குறிக்கவேண்டும்: பட்டியல் முழுமையாக இருந்ததை யார் கடைசியாகக் கண்டார்கள், எந்தத் தேதியில், இழப்பு எப்போது தெரிந்தது, காணாமற்போன பெயர்களில் நினைவுள்ளவை எவை. இக்குறிப்பு பின்னால் மிகவும் உதவும்.

முதல் வாயில்: நாமே மீட்டுக்கொள்ளுதல்

கூகுள் கணக்கில், முகவரிகளுக்கு உரிய பக்கத்தைக் கணினியில் திறந்தால், அழிக்கப்பட்ட முகவரிகள் 'பின்' அல்லது 'டிராஷ்' என்ற குப்பைத் தொட்டியில் 30 நாட்கள் வரை இருக்கும். சில பெயர்கள் மட்டும் போயிருந்தால் அங்கிருந்து திருப்பி எடுக்கலாம். முழுப் பட்டியலும் கலைந்துவிட்டால், அமைப்புகள் பகுதியில் 'அண்டூ சேஞ்சஸ்' என்ற கட்டளை உண்டு. கடந்த 30 நாட்களுக்குள் ஒரு நேரத்தைக் குறிப்பிட்டால், அந்நேரத்தில் பட்டியல் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே திரும்பிவிடும். ஆனால் அந்நேரத்துக்குப் பின் சேர்த்த புதிய முகவரிகள் இதனால் நீங்கிவிடும். ஆகவே, கட்டளையை இடுமுன், இன்றுள்ள பட்டியலை ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொள்வது அவசியம்.

மைக்ரோசாஃப்டின் அவுட்லுக்கில் அழிக்கப்பட்ட முகவரிகள் 'டெலீட்டட் ஐட்டம்ஸ்' என்ற உறைக்குள் செல்லும். அங்கிருந்தும் நீக்கிவிட்டால், அலுவலகங்களுக்கான எக்ஸ்சேஞ்ச் சேவையகம் அவற்றை மேலும் 14 நாட்கள் மறைவாக வைத்திருக்கும். இது வழக்கமான அமைப்பு. மைக்ரோசாஃப்டின் இணையவழிச் சேவையில் இக்காலத்தை 30 நாட்கள் வரை சேவையக நிர்வாகி உயர்த்தி வைக்கலாம். ஆப்பிளின் ஐகிளவுட் கணக்கிலும் இணையதளத்தில் 'டேட்டா ரெக்கவரி' என்ற பகுதியில் முகவரிகளின் பழைய தொகுப்புகள் 30 நாட்கள் வரை கிடைக்கும்.

காரியதரிசி மாறும்போது பழையவரின் கணக்கையே நீக்கிவிடுவது சில இடங்களில் வழக்கம். அவ்வாறு நீக்கிய கணக்கைக் கூகுளின் அலுவலகச் சேவையில் 20 நாட்களுக்குள்ளும், மைக்ரோசாஃப்டின் அலுவலகச் சேவையில் 30 நாட்களுக்குள்ளும் நிர்வாகி மீட்கலாம். அதற்குப் பிறகு முடியாது. ஆகவே பொறுப்பு ஒப்படைக்கும்போது ரொக்கமும் சாவியும் எண்ணிக் கொடுப்பதுபோல் முகவரிப் பட்டியலையும் எண்ணிக் கொடுத்துக் கையொப்பம் வாங்கவேண்டும்.

இரண்டாம் வாயில்: சேவையகத்தின் காப்புப் பிரதி

மேற்கூறிய நாட்கள் கடந்துவிட்டால், சேவையகத்தை நடத்துவோரின் காப்புப் பிரதியே கதி. சங்கம் சந்தா கட்டி ஒரு சேவை நிறுவனத்தின் சேவையகத்தை உபயோகித்தாலோ, தனக்கென்றே ஒன்றை வைத்திருந்தாலோதான் இவ்வழி பயன்படும். பொதுமக்களுக்கான இலவசக் கணக்குகளில், நிறுவனத்தின் காப்பிலிருந்து நமக்கு மட்டும் எடுத்துத் தரும்படி கேட்டுப் பெறும் ஏற்பாடு இல்லை.

காப்புப் பிரதிகள் எவ்வாறு சுழல்கின்றன என்பதை அறிந்தால்தான் எதைக் கேட்பது என்பது விளங்கும். பரவலாகக் கையாளப்படும் முறைக்குத் 'தாத்தா, தந்தை, மகன்' முறை என்று பெயர். நாள்தோறும் எடுக்கும் பிரதி மகன். அது ஒரு வாரம் இருக்கும். வாரந்தோறும் எடுப்பது தந்தை; அது ஒரு மாதம் இருக்கும். மாதக் கடைசியில் எடுப்பது தாத்தா. அது ஓராண்டோ அதற்கு மேலோ இருக்கும். காலம் முடிந்ததும் அதே நாடாவின்மீது புதிய பிரதி எழுதப்படும்.

நமது உதாரணச் சங்கத்தில் முகவரிகள் 10-ஆம் தேதி அழிந்து, 25-ஆம் தேதி தெரியவந்தது என்று கொள்வோம். நாட்பிரதிகள் 18 முதல் 24 வரை உள்ளவை மட்டுமே இருக்கும், அவை யாவும் அழிந்தபின் எடுத்தவை, பயனில்லை. வாரப் பிரதிகள் 7, 14, 21 ஆகிய ஞாயிற்றுக் கிழமைகளில் எடுத்தவை. இவற்றுள் 7-ஆம் தேதிப் பிரதியில் பட்டியல் முழுமையாக இருக்கும். அதை விரித்துப் பெறவேண்டும். 7-க்கும் 10-க்கும் இடையில் சேர்ந்த ஓரிரு முகவரிகளை மட்டும் வேறு வழியில் தேடிக்கொள்ளவேண்டும். இழப்பு மூன்று மாதம் கழித்தே தெரிந்திருந்தால் 7-ஆம் தேதிப் பிரதியும் மறைந்திருக்கும். முந்திய மாதக் கடைசியின் பிரதி ஒன்றே எஞ்சும். முகவரிப் புத்தகத்தை அடிக்கடி திறந்து பார்க்கும் சங்கத்துக்கு இழப்புக் குறைவு என்பதை இக்கணக்கே காட்டுகிறது.

அழிந்த தேதி தெரியாதபோது, இருக்கும் பிரதிகளில் நடுவிலுள்ளதை முதலில் பார்க்கவேண்டும். அதில் பட்டியல் இருந்தால் அதற்குப் பிந்தியவற்றில் நடுவிலுள்ளதையும், இல்லாவிட்டால் முந்தியவற்றில் நடுவிலுள்ளதையும் பார்க்கவேண்டும். இவ்வாறு பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போனால், பதினாறு பிரதிகளில் உரியதை நான்கைந்து பார்வையில் கண்டுவிடலாம்.

சேவையக நிர்வாகிக்கு எழுதும் கடிதத்தில் பின்வருவனவற்றைத் தெளிவாகக் குறிப்பிடவேண்டும்:

1. எந்தக் கணக்கு, பட்டியல் கடைசியாக முழுமையாக இருந்த தேதி, இழப்பு தெரிந்த தேதி.

2. அத்தேதிக்கு முந்திய மிக அண்மையான பிரதியைச் சுழற்சியிலிருந்து உடனே விலக்கி வைக்கும்படி வேண்டுகோள். கடிதம் மேஜையில் காத்திருக்கும் இரவிலேயே அந்நாடாவின்மீது புதிய பிரதி எழுதப்பட்டுவிடக்கூடும்.

3. பிரதியை நடப்பிலுள்ள அஞ்சலின்மீது விரிக்காமல், தனியிடத்தில் விரிக்கும்படி வேண்டுகோள். நடப்பின்மீது விரித்தால், அத்தேதிக்குப் பின் வந்த கடிதங்களெல்லாம் மறையும். முகவரியை மீட்கப் போய், வந்த ஆர்டரை இழப்பது தகாது. எக்ஸ்சேஞ்ச் சேவையகத்தில் இதற்கென்றே 'மீட்புத் தரவுத்தளம்' என்ற தனி ஏற்பாடு உண்டு.

4. முகவரிப் புத்தகம் எங்கே சேமிக்கப்படுகிறது என்பதைக் கவனிக்கும்படி வேண்டுகோள். சில மென்பொருள்களில் கடிதங்கள் ஓரிடத்திலும் முகவரிகள் தரவுத்தளமொன்றில் வேறிடத்திலும் இருக்கும். முன்பு கூறிய ரவுண்ட்கியூப் அத்தகையதே. கடித உறைகளை மட்டும் மீட்டால் முகவரிகள் வாரா.

5. எடுத்த முகவரிகளை 'விகார்டு' என்ற முறையிலான கோப்பாகத் தரும்படி வேண்டுகோள். பெரும்பாலான நிறுவனங்களின் கணக்குகளிலும் கைப்பேசிகளிலும் இது ஏற்கப்படும்.

கோப்பு வந்ததும் நேரே கணக்கில் கொட்டிவிடலாகாது. நாம் குறித்துவைத்த பெயர்கள் அதில் உள்ளனவா என்று முதலில் ஒத்துப்பார்க்கவேண்டும். இருந்தால், இன்றைய பட்டியலுக்கு ஒரு பிரதி எடுத்தபின் இதைச் சேர்க்கவேண்டும். ஒரே பெயர் இருமுறை வந்தால் இணைத்துக்கொள்ளக் கட்டளைகள் உண்டு. 'சிஎஸ்வி' என்ற அட்டவணைக் கோப்பாகக் கிடைத்தால் ஓர் எச்சரிக்கை: அதை எக்ஸெலில் திறக்கையில் தமிழ்ப் பெயர்கள் சிதைந்த எழுத்துக்களாய்த் தோன்றலாம். அது எழுத்துமுறை வேறுபாட்டால் வரும் தோற்றமே. அந்நிலையில் சேமித்துவிட்டால்தான் உண்மையாகவே கெடும்.

எல்லா வாயில்களும் அடைபட்டாலும் அனுப்பிய கடிதங்கள் இருக்கின்றன. நாம் எழுதிய ஒவ்வொரு கடிதமும் பெறுவோரின் முகவரியைச் சுமந்து நிற்கிறது. ஜிமெயிலில், நாம் கடிதம் எழுதியவர்களின் முகவரிகள் 'மற்றத் தொடர்புகள்' என்ற தனிப் பட்டியலில் தாமாகவே சேர்வதும் உண்டு. ஓர் எழுத்தர் இரண்டு நாள் உட்கார்ந்தால் பட்டியலின் பெரும்பகுதியைத் திரும்ப அமைத்துவிடலாம். "மீட்டுத் தருகிறேன், கடவுச்சொல்லைக் கொடுங்கள்" என்று வருவோரிடம் மட்டும் அதைக் கொடுக்கலாகாது. பெட்டிச் சாவியை வழிப்போக்கனிடம் கொடுப்பதற்கு அது ஒப்பாகும்.

ஒத்திசைவு வேறு, காப்பு வேறு

"எங்கள் முகவரிகள் மூன்று கைப்பேசிகளிலும் ஒரு கணினியிலும் இருக்கின்றன, எங்களுக்குக் காப்பு வேண்டியதில்லை" என்று சிலர் கூறுவர். அவை ஒன்றோடொன்று ஒத்திசைவன. ஓரிடத்தில் எழுதினால் நான்கிடத்திலும் எழுதும். ஓரிடத்தில் அழித்தால் நான்கிடத்திலும் அழிக்கும். விதைநெல்லைச் சாப்பாட்டு நெல்லோடு ஒரே குதிரில் கொட்டி வைத்துவிட்டு, குதிர் பெரியது என்று தைரியங்கொள்வது போன்றது இது.

2011 பிப்ரவரி 27-ஆம் தேதி இதனைக் கூகுள் நிறுவனமே அனுபவத்தில் கண்டது. சேமிப்பு மென்பொருளில் செய்த ஒரு மாற்றத்தில் பிழை புகுந்ததால், ஜிமெயில் உபயோகிப்போரில் பதினாயிரத்துக்கு இருவர் என்ற அளவில் கணக்குகள் வெறுமையாயின. அந்நிறுவனம் ஒவ்வொரு கணக்குக்கும் பல ஊர்களில் பல நகல்கள் வைத்திருந்தது. ஆனால் பிழை அந்நகல்களையும் தொட்டுவிட்டது. காப்பாற்றியவை, கணினித் தொடர்பினின்று விலகித் தனியே வைக்கப்பட்டிருந்த காந்த நாடாக்களே. நாடாவைப் படிப்பது மெதுவான வேலையாதலால் மீட்க நேரம் பிடித்தது, ஆயினும் மீட்டனர். தொடர்பற்றுத் தனியே இருந்ததே நாடாவின் பலம்.

சோதித்துப் பாராத காப்பு

2017 ஜனவரி 31-ஆம் தேதி, கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில், இரவு வேலையில் இருந்த ஊழியர் ஒருவர் தவறான சேவையகத்தில் கட்டளையிட்டு, மூலத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். அந்நிறுவனத்துக்கு ஐந்து காப்பு முறைகள் இருந்தன. தேடியபோது அவற்றுள் ஒன்றும் எதிர்பார்த்தபடி உதவவில்லை. அன்றாடப் பிரதி, மென்பொருளின் பதிப்பு வேறுபாட்டால் எடுபடாமலே இருந்துவந்தது. அதைத் தெரிவிக்கும் எச்சரிக்கை அஞ்சல்களும் ஏற்கப்படாமல் தள்ளப்பட்டதால் எவரும் அறியவில்லை. சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்திருந்த ஒரு பிரதியே கைகொடுத்தது; அந்த ஆறு மணி நேரத்தின் விவரங்கள் போயின. அந்நிறுவனம் தன் தவற்றை மறைக்காமல் உலகறிய வெளியிட்டது பாராட்டத்தக்கது.

முளைப்புத்திறனைச் சோதிக்காமல் விதையை நம்பி வயலைத் தயாரிக்கும் விவசாயி இல்லை. காப்புப் பிரதியும் விரித்துப் பார்த்தபின்னரே காப்பு ஆகும். அதுவரை அது நம்பிக்கை மட்டுமே.

சங்கம் செய்யவேண்டியவை

நிர்வாகக் குழு அடுத்த கூட்டத்தில் பின்வருமாறு தீர்மானித்துக்கொள்வது நலம். சங்கத்தின் முகவரிகள் சங்கத்தின் பெயரிலுள்ள கணக்கிலேயே இருக்கவேண்டும். ஊழியரின் சொந்தக் கணக்கில் இருத்தலாகாது. மாதத்தின் முதல் வேலைநாளில் முகவரிப் பட்டியலை விகார்டு கோப்பாக இறக்கி, தேதியிட்டு, ஒரு நினைவகக் குச்சியில் பதிந்து, இரும்புப் பெட்டியில் வைக்கவேண்டும். நானூறு முகவரிகளுக்கு ஐந்து நிமிஷ வேலையே இது. மற்றொரு பிரதி கட்டிடத்துக்கு வெளியே இருக்கவேண்டும். கால் ஆண்டுக்கு ஒருமுறை அக்கோப்பைத் திறந்து, பத்துப் பெயர்களை ஒத்துப்பார்த்து, பார்த்தவர் பதிவேட்டில் கையொப்பமிடவேண்டும். சேவை நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்கையில், காப்புப் பிரதிகள் எத்தனை நாள் வைக்கப்படும், ஒரு கணக்கை மட்டும் தனியே விரித்துத் தருவார்களா, அதற்குக் கட்டணம் எவ்வளவு என்ற மூன்றையும் எழுத்தில் பெறவேண்டும்.

இவை காரியதரிசி ஒருவரின் பொறுப்பு என்று அங்கத்தினர்கள் இருந்துவிடலாகாது. முகவரி போனால் சரக்குத் தேங்கும். சரக்குத் தேங்கினால் கூலி நிற்கும். அந்த நஷ்டம் ஒருவருடையதன்று; அங்கத்தினர் எல்லோருடையதுமாகும். பொதுச்சபையில் எழுந்து, "நம் முகவரிப் பட்டியலின் காப்புப் பிரதி எங்கே இருக்கிறது? கடைசியாக எப்போது விரித்துப் பார்த்தீர்கள்?" என்று கேட்க ஒவ்வோர் அங்கத்தினருக்கும் உரிமையுண்டு.

கலந்தாலோசிக்க வினாக்கள்

1. நமது சங்கத்தின் முகவரிகள் எந்தக் கணக்கில், யார் பெயரில் இருக்கின்றன?

2. இன்று அவை அழிந்தால் எத்தனை நாளில் நமக்குத் தெரியவரும்? அதற்குள் எந்த வாயில் மூடிவிடும்?

3. காப்புப் பிரதியை நடப்பு அஞ்சலின்மீது விரித்தால் நேரக்கூடிய நஷ்டம் யாது?

4. ஒத்திசைவுக்கும் காப்புக்கும் உள்ள வேறுபாட்டை, நம் தொழிலிலிருந்து ஓர் உதாரணம் காட்டி விளக்குக.